கேட் தேர்வும் ஒரு வைப்புத்தொகை ரசீதும்

பெங்களூருவின் ஆஸ்டின் டவுனுக்கு எஃப். கிட்டெல் நகர் என்று இன்னொரு பெயர் உண்டு. கன்னட–ஆங்கில அகராதியை 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக இட்ட பெயர் அது. ஆனால் ஆட்டோ ஓட்டுநரிடம் கிட்டெல் நகர் என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். ஆஸ்டின் டவுன் என்றால்தான் மீட்டரைப் போடுவார். பழைய கன்டோன்மென்ட்டின் இந்தத் தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். மாலையில் நந்தன் மைதானத்தில் கால்பந்து உதைபடும் ஓசை பக்கத்துத் தெருவரை கேட்கும்.

இங்கிருந்து லாங்ஃபோர்டு சாலை நடந்து செல்லும் தொலைவுதான். 1973இல் தொடங்கப்பட்ட பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐ.ஐ.எம்., தன் தொடக்க ஆண்டுகளை அந்தச் சாலையில்தான் கழித்தது. பிறகே அது பன்னேர்கட்டா சாலையில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த கருங்கல் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற கட்டடக் கலைஞர். நடந்து போகும் தொலைவில் இருந்த நிறுவனம் இப்போது பேருந்து ஏறிச் செல்லும் தொலைவில் இருக்கிறது. ஆனால் அதன் வாயிலுக்கும் ஆஸ்டின் டவுனின் சிறிய வீடுகளுக்கும் உள்ள உண்மையான இடைவெளியைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்பதை, சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தோடு பழகியபோது உணர்ந்தோம்.

தந்தை ஒரு பணிமனையில் இயந்திரப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஒரே மகள் பி.காம். முடித்து, ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறார். ஓய்வூதியப் பலன்களில் ஆறு இலட்சம் ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டிருந்தார்கள். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் கிளை முகப்பில் மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அவர்களை முதலில் சந்தித்தோம். "இது உன் கல்யாணத்துக்குன்னு போட்டது கண்ணு, இதுல கை வைக்கக் கூடாது" என்றார் தாய். "கை வைக்கச் சொல்லலம்மா, என்ன வழியிருக்குன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்" என்றார் மகள். பெயர் குறிப்பிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு தங்கள் கதையை எழுத ஒப்புக்கொண்டார்கள்.

மகள் விரும்பியது கேட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுத. 2023 நவம்பரில் எழுதிய முதல் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 71 பெர்சென்டைல். வீட்டில் எல்லாரும் அதை நூற்றுக்கு எழுபத்தொரு மதிப்பெண் என்று எண்ணி மகிழ்ந்தார்களாம். அக்கம்பக்கத்தில் இனிப்புகூடக் கொடுத்துவிட்டார்கள்.

பெர்சென்டைல் என்பதை நம் பாடநூல்கள் நூற்றுமானம் என்கின்றன. ஒருவர் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதை அது சொல்வதில்லை. எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. 2024இல் கேட் எழுதியவர்கள் சுமார் 2 இலட்சத்து 93 ஆயிரம் பேர். அதில் 99 பெர்சென்டைல் பெற்றவருக்கு முன்னால் இன்னும் ஏறத்தாழ 2,900 பேர் இருக்கிறார்கள். 71 பெற்றவருக்கு முன்னால் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். இனிப்பு கொடுத்த வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மகள் அதை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார்.

இதே கணக்கின் மறுபக்கம் ஆறுதலானது. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியை எட்டாதவர்களே 99 பெர்சென்டைலைத் தொட்டிருக்கிறார்கள். எல்லா வினாவுக்கும் விடையளிக்க வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்து பழக்கப்பட்ட மாணவருக்கு இது நம்புவதற்குக் கடினமான செய்தி. நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது எம் கருத்து.

தேர்வின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மொத்தம் இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், அடுத்துத் தரவுகளைப் படித்தறிதலும் தர்க்கமும், கடைசியில் கணிதம். இந்த வரிசையை மாற்ற முடியாது. ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை அடுத்ததற்கு எடுத்துச் செல்லவும் முடியாது. 2024ஆம் ஆண்டுத் தாளில் முறையே 24, 22, 22 என 68 வினாக்கள். அதாவது முதல் பகுதியில் ஒரு வினாவுக்கு 100 நொடி, அதுவும் நீண்ட பத்தியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து. 2019 வரை தேர்வு மூன்று மணி நேரமாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், ஒரே நாளில் மூன்று அமர்வுகள் நடத்துவதற்காக இரண்டு மணியாகச் சுருக்கினார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் வினாக்களில் தவறுக்குக் கழிவு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் என்ன ஆகும்? நான்கு முறையில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை 1 போகும். நிகர வரவு சுழி. ஆனால் நான்கில் ஒன்று நிச்சயம் தவறு என்று அறிந்து விலக்கிவிட்டால், மிச்ச மூன்றில் ஊகிப்பது சராசரியாக வினாவுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம் தரும். இரண்டை விலக்க முடிந்தால் லாபம் முழுதாக ஒரு மதிப்பெண். சந்தையில் பேரம் பேசத் தெரிந்த எவருக்கும் புரியக்கூடிய கணக்குத்தான் இது.

முதல் முயற்சியில் நம் மாணவியைக் கவிழ்த்தது அறியாமையன்று. தர்க்கப் பகுதியில் ஒரு வினாத் தொகுதியைத் தொட்டவர், அதை விட மனமின்றி 26 நிமிடம் அதிலேயே செலவிட்டுவிட்டார். "பாதி வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்னு நெனச்சே போயிடுச்சு" என்றார். வங்கித் துறையில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை அறிமுகமானதே. விலை சரிந்துகொண்டே போகும் பங்கை, போட்ட பணத்தை எண்ணி விற்காமல் வைத்திருப்பவரின் மனநிலை அது.

பயிற்சி வகுப்புகளை விசாரித்தபோது கட்டணம் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வகுப்பே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். கணிதத்தின் அடிப்படை மறந்துபோனவர்களுக்கு அது உதவும். ஆயினும் பணம் கட்டுவதற்கு முன் கையில் இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுவது நல்லது. கேட் தேர்வின் அதிகாரபூர்வத் தளத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும், தேர்வுத் திரையைப் பழகிக்கொள்ள மாதிரித் தேர்வும் கிடைக்கின்றன. நம் மாணவி கட்டணத்தில் ஒரு பகுதிக்கு மாதிரித் தேர்வுத் தொடரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அலுவலகத்துக்குக் கிளம்புமுன் காலை ஐந்திலிருந்து ஏழு வரை படிப்பு. ஞாயிறன்று மாதிரித் தேர்வு. சமையலறை மேசையில் மடிக்கணினி. எதிரே கைக்கடிகாரத்தோடு தந்தை. ஒரு தொகுதியில் எட்டு நிமிடம் கடந்தும் விடை ஒன்றுகூடக் கிட்டவில்லையென்றால், அவர் மேசையைத் தட்டுவார். தட்டியதும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்பது இருவருக்குமான ஒப்பந்தம். பணிமனையில் முப்பதாண்டு வேலை பார்த்தவர். திறக்காத திருகாணியோடு மல்லாடிக்கொண்டிருந்தால் வண்டி வரிசையில் நிற்கும் என்பது அவர் அனுபவம். தேர்வில் கேட்கும் கணிதம் எதுவும் தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அவர் தட்டிய தட்டுதான் மகளுக்கு மிகவும் பயன்பட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆங்கில வாசிப்புப் பகுதி இன்னொரு சுவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் மனப்பாட ஆங்கிலம் என்று வளர்ந்தவர்களுக்கு, தத்துவத்தையும் சூழலியலையும் பொருளியலையும் பற்றிய அந்நியமான பத்திகள் நான்கு அடுத்தடுத்து வருவது மிரட்சியைத் தரும். 24 வினாக்களில் 16 இந்தப் பத்திகளிலிருந்தே கேட்கப்படுகின்றன. அகராதியை மனப்பாடம் செய்து இதைக் கடக்க முடியாது. கிட்டெல் பாதிரியார் மன்னிக்கட்டும். கேட்கப்படுவது சொல்லின் பொருளைவிட, ஆசிரியர் எதை வலியுறுத்துகிறார், எதை மறுக்கிறார், எங்கே ஐயப்படுகிறார் என்பதே.

மகள் கண்டுபிடித்த வழி நம்மை வியக்க வைத்தது. சனிக்கிழமை மதியங்களில் கப்பன் பூங்காவிலுள்ள சிவப்பு நிற மாநில மைய நூலகத்தில் அமர்ந்து நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளைப் படிப்பார். இரவு உணவின்போது அதன் சாரத்தைத் தாயிடம் மூன்றே வாக்கியத்தில் தமிழில் சொல்ல வேண்டும். தாய்க்குப் புரியவில்லையென்றால் தனக்கும் புரியவில்லை என்று பொருள். திமிங்கில வேட்டையும் நாணய வரலாறும் இப்படித்தான் அந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தன. "எனக்கு இப்ப உலகமே தெரியும்" என்று தாய் சிரித்தார்.

தவறிய ஒவ்வொரு வினாவையும் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினார்: தெரியவில்லை, அவசரப்பட்டேன், வினாவைத் தவறாகப் படித்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் காரணத்தைவிட மற்ற இரண்டும் அதிகமாக இருந்தனவாம். கணக்கு எழுதும் தொழில் கைகொடுத்த இடம் அது.

இத்தகைய தேர்வுகள் மீது பெற்றோருக்கு ஓர் ஐயமும் உண்டு: எல்லாம் நேர்மையாக நடக்கிறதா? ஐயத்துக்கு வரலாற்றில் இடமில்லாமல் இல்லை. 2003 நவம்பரில் வினாத்தாள் கசிந்து தேர்வே இரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி நடத்தப்பட்டது. 2009இல் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிய முதல் ஆண்டில் பல மையங்களில் இயந்திரங்கள் முடங்கின. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரியில் மறுதேர்வு வைத்தார்கள். இன்று ஒரே நாளில் மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வினாத்தாள். தாள்களின் கடினத்தைச் சமன்செய்து மதிப்பெண்களைத் திருத்திய பிறகே பெர்சென்டைல் கணக்கிடப்படுகிறது. எனவே கடினமான தாள் வந்துவிட்டதே என்று கலங்கத் தேவையில்லை.

2024 நவம்பர் 24, ஞாயிறு. நம் மாணவிக்கு மதிய அமர்வு; 12:30க்குத் தொடக்கம். நகரின் கோடியில் ஒரு கல்லூரிதான் மையம். முந்தின ஞாயிறே தந்தையும் மகளும் இருசக்கர வண்டியில் அந்தக் கல்லூரிவரை போய் வழி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நுழைவுச் சீட்டின் அச்சுப்படியும் அடையாள அட்டையும் தவிர உள்ளே எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. எழுதிப் பார்க்கும் தாளும் பேனாவும் அங்கேயே தருவார்கள். கணிப்பான் திரையிலேயே இருக்கும். கைக்கடிகாரத்துக்கு அனுமதியில்லை. ஓராண்டாக நேரம் பார்த்த கடிகாரத்தோடு தந்தை வெளியே மரநிழலில் நின்றுகொண்டார். தர்க்கப் பகுதி ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய நேரத்தில், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை தம்மையறியாமல் தட்டிக்கொண்டிருந்ததாகப் பின்னர் சொன்னார்.

அந்தப் பகுதியின் ஐந்து தொகுதிகளில் மகள் இரண்டை முழுதாகவும் ஒன்றைப் பாதியும் முடித்து, மிச்சத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் வெளியே வந்தார். டிசம்பர் 19 அன்று முடிவு வந்தது: 96 பெர்சென்டைல். இம்முறை இனிப்பு வாங்குவதற்கு முன் தந்தை மகளிடம் பொருள் கேட்டுக்கொண்டார்.

பன்னேர்கட்டா சாலை வளாகத்திலிருந்து நேர்காணல் அழைப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் பணி அனுபவத்துக்கும் ஐ.ஐ.எம்.கள் எடை தருகின்றன. கேட் மதிப்பெண் அதில் ஒரு கூறு மட்டுமே. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே மனத்தில் கொள்ளலாம். ஆனால் புதிய ஐ.ஐ.எம்.கள் பல சேர்ந்து நடத்தும் பொதுச் சேர்க்கை முறையில் அவருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்.களில் திருச்சிராப்பள்ளியில் 2011இல் தொடங்கியதும் ஒன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இவையெல்லாம் பட்டயத்துக்குப் பதில் பட்டமே வழங்க அதிகாரம் பெற்றுவிட்டன.

ஆக, வீட்டின் கேள்வி தேர்விலிருந்து பணத்துக்கு நகர்ந்தது. பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டுக் கட்டணம் 25 இலட்சத்தை ஒட்டி இருக்கிறது. புதிய நிறுவனங்களில் அதைவிடக் குறைவு. 20 இலட்சம் கடன் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டு, 9 விழுக்காடு வட்டியில் அவர்களோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். (வட்டி வங்கிக்கு வங்கி, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.)

பொதுவாகக் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். முதலாண்டு 10 இலட்சமும் இரண்டாமாண்டு இன்னொரு 10 இலட்சமும் பெற்றால், முதலாண்டு வட்டி 90,000. அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 1,80,000. தவணை தொடங்கும்போது 20 இலட்சம் 24.5 இலட்சமாகி நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 31,000 ரூபாய். மொத்தம் 37 இலட்சத்துக்குச் சற்று மேல். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 24,850ஆகக் குறையும். ஆனால் மொத்தம் 44 இலட்சத்தைத் தாண்டிவிடும். வட்டியைப் படிக்கும்போதே கட்டி வந்தால் பத்தாண்டுத் தவணை 25,300 அளவில் நிற்கும்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவது வழக்கம். ஓய்வூதியத்தை நம்பியிருப்பவருக்கு 31,000 என்ற எண் எப்படித் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஓரளவு நிம்மதி தந்தது 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம். தரவரிசையில் உயர்ந்த, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்க இது வழி செய்கிறது. ஆண்டு வருமானம் 8 இலட்சம் வரையுள்ள, வேறு அரசு உதவித்தொகை பெறாத குடும்பங்களுக்கு 10 இலட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. இந்த மானியம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் மாணவர்களுக்குத்தான். எனவே சேர்க்கைக் கடிதம் வந்ததும் விண்ணப்பிப்பது நல்லது. பழைய வருமானவரி முறையில் இருப்பவர்கள், கட்டிய வட்டிக்கு எட்டாண்டுகள் வரை வரிக்கழிவு பெறலாம்.

அப்படியானால் அந்த ஆறு இலட்சம்? கணக்கை மட்டும் பார்த்தால், 7 விழுக்காடு ஈட்டும் பணத்தை வைத்துக்கொண்டு 9 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குவது நட்டம். ஆறு இலட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வித்தியாசம். நாம் அதை மறைக்காமல் சொன்னோம். கூடவே இதையும் சொன்னோம்: வைப்பைக் கலைத்துவிட்டால், மூத்தவர்களுக்கு உடல்நலம் குன்றினால் கையில் எதுவும் இராது. ஆண்டுக்கு 12,000 என்பது அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று கருதலாம். வைப்பின் வட்டி 42,000 ரூபாய். முதலாண்டுக் கடன் வட்டியில் ஏறத்தாழ பாதிக்கு அது போதும். இடையில் அவசரமென்றால் வைப்பைக் கலைக்காமலே அதன் பேரில் கடன் பெறலாம். பொதுவாக வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடு கூடுதலாக இருக்கும்.

மகள் கேட்டது ஒன்றுதான்: "வேலை கிடைக்கலைன்னா?" பத்தாண்டுத் தவணையை, இன்று தணிக்கையாளர் அலுவலகத்தில் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். தவணைதான் பெரிதாக இருந்தது. இந்தக் கேள்விக்கு வங்கியிடம் விடை இல்லை. நேர்காணலுக்குப் போகுமுன், தான் விரும்பும் ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் உச்ச ஊதியத்தை விட்டுவிட்டு நடுமத்தைப் பார்க்கும்படி மட்டும் சொன்னோம். நடுமம் என்பது பாதிப் பேர் அதற்குக் கீழே என்று சொல்லும் எண். பெர்சென்டைல் கற்றவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேர்காணல் முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. மார்ச் மாதத்தில் வைப்பு முதிர்ந்தபோது மூவரும் கிளைக்கு வந்தார்கள். புதுப்பிப்புப் படிவத்தை மகள் நிரப்பினார். காலம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுத் தாயிடம் நீட்டினார். சென்ற முறை அதில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 91 நாள் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.